ஜாஸ்பர் ரிட்ஜ் உயிரியல் காப்பகம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான, ஏறத்தாழ 1,200 ஏக்கர் பரப்புள்ள இயற்கைக் காப்பகம். 1973-ல் முறைப்படி காப்பகமாக்கப்பட்டது. நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது. பார்வையாளர்கள் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். வழிகாட்டிகளில் மாணவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் உண்டு. வகுப்பும் களப்பயிற்சியும் மாதக்கணக்கில் முடித்த பிறகே அவர்கள் ஆட்களை அழைத்துப் போகலாம்.

நடையில் நின்று பார்க்க வேண்டிய இடம், செர்ப்பன்டைன் என்ற பாறையிலிருந்து உருவான மண்ணில் அமைந்த புல்வெளி. கால்சியம் குறைந்து மெக்னீசியமும் நிக்கலும் மிகுந்த அந்த மண்ணில் வந்தேறிப் புற்கள் எளிதில் காலூன்றுவதில்லை; வசந்தத்தில் உள்நாட்டுப் பூக்களே மஞ்சளாய் விரிகின்றன. தன்னார்வலர் பணிகளில் சுவையானது எறும்புக் கணக்கெடுப்பு: 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை, கற்களைப் புரட்டி, வந்தேறி இனமான அர்ஜென்டினா எறும்பு எதுவரை பரவியிருக்கிறது என்று குனிந்து தேடுகிறார்கள்.