வேலன்

தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கும் பாறசாலை, பெருங்கடவிளைப் பக்கத்தில் ‘வேலன்’ இருபொருள் தரும் சொல். தமிழில் அது முருகன். மலையாளத்தில் மந்திரவாதமும் நாட்டு மருத்துவமும் குலத்தொழிலாக அறியப்பட்ட ஒரு சமூகம். மலையாள வழக்குத்தான் பழம்பொருளுக்கு நெருக்கம் என்பேன். சங்கப் பாட்டில் வேலன் கடவுள் அல்லன். வேலேந்தி வெறியாடும் ஊர்ப் பூசாரி. வேல் முருகனுக்கு உரியதாயிற்றே, பெயரும் முதலில் அவனுடையதாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். அகநானூற்றின் 22ஆம் பாட்டு அதற்கு இடம் தரவில்லை. மகளின் மெலிவு முருகனால் வந்தது என்று நம்பிய வீட்டார் களம் அமைத்து, மாலை சூட்டி, பலி கொடுக்கிறார்கள். ஆடுபவன் வேலன், வழிபாடு முருகனுக்கு. நற்றிணை 34இல் தோழி, வெறியாட்டுக்கு வந்து நின்ற முருகனையே கடிகிறாள். ஆள் வேறு, தெய்வம் வேறு.

அப்படியானால் பெயர் எப்படித் தெய்வத்தின் மேல் ஏறியது? மருள் வந்த பூசாரி முருகனாகவே பேசினான்; கேட்டவர்க்கு இரண்டும் ஒரே குரல். அதுவே காரணம் என எண்ணுகிறேன். ஆறெழுத்து ஓதும் அந்தணரைப் பாடிய திருமுருகாற்றுப்படையும் வேலனை விட்டுவிடவில்லை. பூசாரிக்கும் தெய்வக் குரலாகப் பேசுபவனுக்கும் உள்ள இந்த நெருக்கம் வேறு மொழிகளிலும் தெரிகிறது. ஆசாரியருக்கு எபிரேயச் சொல் ‘கோஹேன்’. அதன் அரபு உறவுச்சொல் ‘காஹின்’; பொருள், குறி சொல்பவன்.