வரிக் கணக்கில் பிறந்த பெயர்: ஆஸ்டின் செவன்

ஆஸ்டின் செவன் என்னும் சிறிய பிரிட்டிஷ் மகிழுந்தின் பெயரிலுள்ள ஏழு எதனைக் குறிக்கிறது? இருக்கைகளின் எண்ணிக்கையை அன்று. இயந்திரத்தின் மெய்யான வலிமையையும் அன்று. அது ஒரு வரிக் கணக்கு. சொல்லாய்வையே தொழிலாகக் கொண்டிருந்த நாம் இவ்வண்டியின் வரலாற்றுக்குள் புகுந்ததும் அவ்வெண்ணின் வழியாகத்தான்.

1921 முதல் பிரிட்டனில் ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் வீதம் மகிழுந்துகளுக்கு வரி விதிக்கப்பட்டது. இங்குக் குதிரைத்திறன் என்னும் சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. இயந்திரம் தரும் ஆற்றலை எவரும் அளக்கவில்லை. உருளைகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் ஒரு வாய்பாட்டில் இட்டுக் கணக்கிட்டனர். உந்துருளி ஏறி இறங்கும் தொலைவு அக்கணக்கில் சேரவில்லை. ஆகவே, விட்டம் குறுகி நீளம் மிகுந்த உருளைகளை அமைப்பது அந்நாட்டுப் பொறியாளர்க்கு வழக்கமாயிற்று. ஒரு சொல்லுக்கு அரசு தந்த வரையறை இரும்பின் வடிவத்தையே மாற்றிவிட்டது.

அதே 1921ஆம் ஆண்டில், பர்மிங்காமை அடுத்த லாங்பிரிட்ஜில் ஹெர்பர்ட் ஆஸ்டினின் நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. இளமையில் ஆஸ்திரேலியாவில் ஆட்டுமயிர் கத்தரிக்கும் பொறிகளோடு பழகி, 1905இல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கியவர் அவர். முதல் உலகப் போரின்போது படைக்கலன் உற்பத்தியால் பெருத்த தொழிற்சாலைக்கு இப்போது வேலை போதவில்லை. இருபது குதிரைத்திறன் கொண்ட அவருடைய பெரிய வண்டியை வாங்குவோர் குறைந்தனர். சிறிய வண்டியே வழி என்றார் ஆஸ்டின், இயக்குநர்கள் இணங்கவில்லை.

அவர் தம் இல்லத்தின் பில்லியர்ட்ஸ் அறையில், ஸ்டான்லி எட்ஜ் என்னும் 18 வயது வரைவாளரை அமர்த்தி, சொந்தப் பணத்தில் வேலையைத் தொடங்கினார். இரண்டு உருளைகள் போதும் என்றிருந்த முதலாளியை நான்குக்கு இணங்கச் செய்தவர் அவ்விளைஞரே என்பர். வண்டியின் புகழ் முழுவதும் முதலாளியின் பெயருக்கே போய்ச் சேர்ந்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1922இல் 165 பவுன் விலையில் வண்டி அறிவிக்கப்பட்டது. பக்கத்தொட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் குடும்பத்தை ஏற்றிச் சென்றவரே ஆஸ்டின் எதிர்பார்த்த வாடிக்கையாளர். சிறிய வண்டியாயினும் நான்கு சக்கரங்களிலும் தடை உண்டு. விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கினி அவருக்கு உரிமைத்தொகையாகக் கிடைத்தது. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் உருவாயின, நிறுவனமும் பிழைத்தது. ஜெர்மனியின் ஐசனாக் நகரில் உரிமம் பெற்று இதனை டிக்ஸி என்னும் பெயரில் செய்துவந்த தொழிற்சாலையை 1928இல் பிஎம்டபிள்யூ வாங்கியது. அந்நிறுவனம் மகிழுந்துத் தொழிலில் கால் வைத்தது இவ்வண்டியோடுதான்.

இயந்திரம் 747 கன சென்டிமீட்டராக வளர்ந்து, வரிக் கணக்கு 7.8 ஆகி எட்டை நெருங்கியபோதும் பெயர் ஏழாகவே நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வரி முறையும் நீங்கிற்று. ஆயினும் 1959இல் லாங்பிரிட்ஜிலிருந்து வந்த முற்றிலும் புதிய சிறு வண்டிக்கு ஆஸ்டின் செவன் என்றே மீண்டும் பெயரிட்டனர். இம்முறை அப்பெயர் நிலைக்கவில்லை. 1962இல் அது ஆஸ்டின் மினி ஆயிற்று.