நாற்காலியும் கையெழுத்தும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்க ஊர் அரசியலை எக்ஸெல் ஷீட்டில் ஏற்றிப் பார்த்தேன். சாஃப்ட்வேர்காரனுக்கு வேற என்ன தெரியும்? ஒரு பட்டியலில் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியின் எம்.பி.க்கள். இன்னொன்றில் மாநகராட்சி மேயர்கள். இரண்டிலும் 'பெண்' என்று ஃபில்டர் போட்டேன்.

முதல் பட்டியல் காலி. 1952 முதல் 2024 வரை 18 பொதுத்தேர்தல்கள். வென்றவர்களில் ஒரு பெண்கூட இல்லை. 2024-இல் அ.தி.மு.க. ஒரு பெண்ணை நிறுத்தியது. அவரும் ஜெயிக்கவில்லை. ஆறு கடலில் சேரும் தூத்துக்குடியில் 2019 முதல் கனிமொழி இருக்கிறார். நெல்லைக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை.

இரண்டாவது பட்டியல் வேறு கதை சொன்னது. 1996-இலிருந்து 2024 வரை மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஏழு பேர். அதில் நால்வர் பெண்கள்: உமாமகேஸ்வரி, ஜெயராணி, விஜிலா சத்தியானந்த், புவனேஸ்வரி. ஓட்டுப் போடும் மக்கள் கிட்டத்தட்ட அதே மக்கள்தான், கட்சிகளும் அதே கட்சிகள்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. உள்ளாட்சியில் இடஒதுக்கீடு இருந்தது, மக்களவையில் இல்லை. "நல்ல பெண் வேட்பாளர் கிடைக்கலியே" என்ற பழைய பல்லவியை அந்த ஷீட்டைப் பார்த்த பிறகு என்னால் நம்ப முடியவில்லை. சட்டம் கேட்டபோது கட்சிகளுக்குக் கிடைத்தார்களே! விஜிலா மேயரானது 2011-இல். 2014-இல் மாநிலங்களவைக்கே போனார். நாற்காலி கிடைத்தால் அதிலிருந்து அரசியல்வாதிகள் உருவாகிறார்கள்.

1996-இல் உமாமகேஸ்வரி முதல் மேயரானபோது எனக்கு எட்டு வயது. வீட்டில் யாருக்கு ஓட்டு என்பதைத் தாத்தாதான் சொல்வார். அந்த வாரம் ஆச்சி என்னிடம் ரகசியமாகக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "மக்ளே, மேயரு பொம்பளையாம்லா. தண்ணி ஒழுங்கா வருமாடே?" நான் சிரித்தேன். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆனது. குடம் தூக்குகிறவள் கேட்ட அரசியல் கேள்வி அது.

ஆனால் நாற்காலி மட்டும் போதுமா? 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல். அதன்படி நடந்த 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. 2016-இல் அது பாதியானது. கூடவே ஊருக்கு ஊர் ஒரு கேலியும் வந்தது: "பிரசிடெண்ட் வீட்டுக்காரர்." லாகின் அந்த அம்மா பேரில், பாஸ்வேர்டு அவர் கையில்.

இதைவிட நுட்பமான பூட்டு ஒன்று சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. தலித் பெண் தலைவராக இருக்கும் ஊரில், ஆதிக்க சாதித் துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்தால் போதும். தெருவிளக்குகூட எரியாது.

பேனாவோடு நிற்காத இடமும் உண்டு. நெல்லையிலிருந்து மதுரை போகும் வழியில், சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் தாழையூத்து. 2006-இல் அங்கே ஊராட்சித் தலைவரானவர் பி. கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்துப் பெண். அவர் செய்ய முயன்ற வேலைகளில் ஒன்று, பொது இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பிடம். எதிர்ப்பு வந்தது. அவர் பின்வாங்கவில்லை. 2011 ஜூன் 13 இரவு, ஆட்டோவில் வீடு திரும்பியவரை ஒரு கும்பல் மறித்து வெட்டியது. ஒரு காதை இழந்தார். உயிர் பிழைத்தார். பதவிக்காலம் முடிய நாலே மாதம் பாக்கி இருந்தது. குற்றவாளிகள் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2025-இல். கிட்டத்தட்ட 14 ஆண்டுகள்.

இந்த வழக்கைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தியது. கிருஷ்ணவேணி வெறும் பெயருக்குத் தலைவராக இருந்திருந்தால், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், யாரும் அரிவாளை எடுத்திருக்க மாட்டார்கள். அந்த நாற்காலியை நிஜமாகவே பயன்படுத்தினார், அதுதான் பொறுக்கவில்லை. பிரதிநிதித்துவத்தை எண்ணிக்கையில் அளக்கிற என் ஷீட்டில் இதற்கு ஒரு கட்டமே இல்லை.

அதற்காக எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒதுக்கீடு இல்லாவிட்டால் கிருஷ்ணவேணி அந்த அறைக்குள் நுழைந்திருக்கவே மாட்டார். இருட்டும் வரை காத்திருந்து வெளியே போகிற பெண்களின் அவதி, ஊராட்சித் தீர்மானத்தில் ஒரு வரியாக ஏறியிருக்கவும் செய்யாது. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு தருகிற 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியது. கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று நிபந்தனைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. என்றைக்காவது நெல்லையின் முதல் பட்டியலிலும் ஒரு பெயர் ஏறும். அன்றைக்கு நாம் கைதட்டுவோம். தட்டிவிட்டு, அவர் கையெழுத்தை எவன் தடுக்கிறான், ராத்திரி அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆச்சி இப்போது இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குச் சிரித்தது மட்டும் இருக்கிறது.