நாய்க்குப் போட்ட சோறு

கீழ்வேளூரில் கோயில் கொண்டிருக்கும் சுவாமிக்குக் கேடிலியப்பர் என்று பெயர். வடமொழியில் அட்சயலிங்கம். குறைவே இல்லாதவர் என்று பொருள். கோச்செங்கட் சோழன் யானை ஏற முடியாதபடி கட்டியதாகச் சொல்லும் மாடக்கோயில்களில் இதுவும் ஒன்று. அந்தப் படிக்கட்டின் கீழே, இனிக் குறைவதற்கு உடம்பில் எதுவுமே மிச்சமில்லாத ஒரு நாய் சுருண்டு கிடந்ததைப் போன வருஷம் ஆடி மாதத்தில் பார்த்தேன். நாய்க்கு ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று விலா எலும்புகள். நான் நின்ற இடத்திலிருந்தே ஒன்பதை எண்ண முடிந்தது.

என்னோடு வந்த அத்தை எண்ணவில்லை. "வாடா" என்று ஒரு சொல் சொன்னாள். அது எழுந்து எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது. தெருப் பையன்கள் அதற்குக் குச்சி என்று பெயர் வைத்தார்கள்.

அன்று முதல் தினம் ஓர் ஆழாக்கு அரிசி குச்சிக்கென்று கூடுதலாக உலையில் விழுந்தது. குழையப் பிசைந்த தயிர்சாதம், காலையிலும் மாலையிலும். வரவு செலவில் கெட்டியான அத்தை நாய்க்காக அரிசி அளந்ததைப் பார்த்தபோது எனக்கு ஹெரோடோட்டஸ் ஞாபகம் வந்தார். பாபிலோனில் பாரசீக அதிகாரி ஒருவர் வளர்த்த இந்திய நாய்களுக்குத் தீனி போடுவதற்காகவே நான்கு பெரிய கிராமங்களுக்கு மற்ற வரிகளெல்லாம் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். நம் தேசத்து நாய்கள் அந்த மாதிரியும் வாழ்ந்திருக்கின்றன.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது அத்தையின் முகம் வாடியிருந்தது. குச்சிக்கு வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. முதுகெலும்பு அப்படியே துருத்திக்கொண்டு நின்றது. பின்னங்கால் தொடையில் கையை வைத்தால் தோலும் எலும்பும்தான் தட்டுப்பட்டன.

"ஏண்டா அம்பி, இத்தனை தயிர் போட்டும் உடம்பு தேறலையே?" என்றாள்.

எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஓடற சீவனுக்குச் சோறு மட்டும் போதாதும்மா. கவுச்சி வேணும். எங்க வீட்டு நாயை வந்து பாருங்க. வயல்ல நண்டு, நத்தை, எலி, எது கெடச்சாலும் விடாது. தொடை ரெண்டும் உருட்டுக்கட்டை" என்றார்.

அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்தப் பேச்சு எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. ஊருக்குத் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன். பெரியவர் ஒரு வாக்கியத்தில் சொன்னதைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவுக்கு எத்தனை வருஷம் பிடித்தது, எத்தனை நாய்கள் அதற்காகச் செத்தன என்பது அப்போதுதான் தெரிந்தது.

1816-ஆம் வருஷம், பாரிஸ். நெப்போலியன் தோற்ற மறு வருஷம். பிரான்ஸ்வா மஜாந்தி என்ற உடலியல் விஞ்ஞானி, மூன்று வயதான, நன்றாகக் கொழுத்த, ஆரோக்கியமான ஒரு நாயைப் பிடித்து அடைத்தார். அதற்கு ஆகாரம் சுத்தமான வெள்ளைச் சர்க்கரை. குடிக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர். வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் இவை இரண்டும் வேண்டிய மட்டும் உண்டு. முதல் வாரம் நாய் துள்ளி விளையாடியது. இரண்டாவது வாரம் இளைக்க ஆரம்பித்தது. சர்க்கரை மேல் ஆசை மட்டும் குறையவில்லை. மூன்றாவது வாரம் ஓய்ந்து விழுந்தது. கண்ணின் கருவிழியில் புண் கண்டு ஓட்டை விழுந்தது. முப்பத்திரண்டாம் நாள் செத்துப் போயிற்று. அறுத்துப் பார்த்தார்கள். உடம்பில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. தசைகள் சுருங்கிப் போயிருந்தன. ஆலிவ் எண்ணெய், பிசின், வெண்ணெய் என்று ஒவ்வொன்றை மட்டுமே கொடுத்து மற்ற நாய்களையும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான்.

வயிறு நிறைய உண்டும் பட்டினியால் சாகலாம் என்று உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டிய ஜீவன் அந்த நாய். மேலே சொன்ன ஆகாரங்களில் நைட்ரஜன் என்ற மூலப்பொருள் கிடையாது. அது இல்லாமல் தசை வளராது என்று மஜாந்தி கண்டார். இன்று நாம் புரதம் என்று சொல்கிறோமே, அந்தச் சங்கதியின் பிள்ளையார் சுழி அது.

அவர் வெறும் குரூரத்துக்காக இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினில் சூப் வைத்துக் கொடுக்கலாம், செலவு குறைவு, மாமிசத்துக்குச் சமம் என்று டார்ஸே என்ற ரசாயன நிபுணர் சொல்லிக்கொண்டிருந்தார். தர்ம காரியம் செய்கிறவர்களுக்கு மலிவு என்றால் போதுமே! அதைச் சோதிக்கக் கமிஷன் போட்டார்கள். தலைவர் மஜாந்தி. வருஷக்கணக்கில் நாய்களை வைத்துப் பார்த்து, ஜெலட்டினை மட்டும் நம்பி எந்தப் பிராணியும் பிழைக்காது என்று 1841-இல் அறிக்கை கொடுத்தார்கள். ஏழையின் சூப் எப்படியிருக்கிறது என்று முதலில் ருசி பார்த்தவை நாய்கள்.

பாரிஸில் நடந்த அதே தர்க்கம் பிற்பாடு நம் சென்னை ராஜதானிக்கும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, 1876-இல் ஆரம்பித்து 78 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்று 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் துரை கணக்குப் போட்டுக் கொடுத்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் அதை ஒப்பவில்லை. மண் சுமக்கிறவனுக்கு இது பற்றாது, தானியத்தைக் கூட்டுவதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதத்தில் ராஜதானி அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்து 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் என்று உயர்த்தியது. 43 கிராம் பருப்பு என்றால் ஒரு பிடிகூட இல்லை. அந்தப் பிடிக்குள் எத்தனை பேருடைய உயிர் ஊசலாடியது என்று நினைத்துக்கொண்டால், சாம்பார் போதாது என்று இலையைத் தள்ள மனம் வராது.

நாய்களின் கதை அதோடு முடியவில்லை. முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி என்ற டாக்டர் நாய்க்குட்டிகளைக் கட்டிடத்துக்குள்ளேயே வைத்துக் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தார். கால் வளைந்து, எலும்பு மெலிந்து, ஏழைக் குழந்தைகளுக்கு வருமே அதே ரிக்கெட்ஸ் நோய் குட்டிகளுக்கும் வந்தது. மீன் எண்ணெய் கொடுத்ததும் தீர்ந்தது. நாம் விட்டமின் டி என்று சொல்வது அந்த வழியாக வந்ததுதான். 1937-இல் அமெரிக்காவில் நாக்குக் கறுத்துச் சாகக் கிடந்த நாய்களை எல்வெஜம் என்பவர் நிகோடினிக் அமிலம் கொடுத்துப் பிழைக்க வைத்தார். மக்காச்சோளமே கதியாக இருந்த ஜனங்களைக் கொன்ற பெலாக்ரா வியாதிக்கு அதில் மருந்து கிடைத்தது.

நமக்கு இன்னும் கிட்டத்தில், நீலகிரியில் குன்னூரிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடம். கடைசி இடம் யாருக்கு என்று கேட்கிறீர்களா? நமக்குத்தான்! அரிசியே பிரதானமான மதராஸ் சாப்பாடு தின்ற எலிகள் எல்லாவற்றிலும் சோனியாக நின்றன. தஞ்சாவூர்க்காரனுக்கு இது தலைகுனிவான செய்திதான். அரிசி விளைகிற ஊரில் அரிசியைக் குற்றம் சொன்னால் அடிக்க வருவார்கள். மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டி, மூன்று தடவை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் சத்து எங்கே நிற்கும்? கழுநீரைக் குடிக்கிற மாடு நம்மைவிடக் கெட்டிக்காரப் பிராணி என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் நாய் சோறே தின்னக் கூடாதா என்றால், அதுவும் இல்லை. 2013-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று எனக்குக் கதை மாதிரி இருந்தது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு, ஓநாயின் உடம்பில் இரண்டே பிரதிகள்தான். நாயின் உடம்பில் நான்கிலிருந்து முப்பது வரை. மனிதன் உழுது பயிரிட ஆரம்பித்த பிறகு, அவன் எறிந்த மிச்சத்தைத் தின்று தின்று நாயின் குடலே மாறிவிட்டது. நம் வாசலில் கிடப்பதற்காகத் தன் உடம்பையே மாற்றிக்கொண்ட ஜீவன் அது. ஆனாலும் பல்லைப் பார்த்தாலே தெரியும், அது முழுச் சைவமாக மாறவில்லை.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேன். அவள் பஞ்சாபி எலியை நம்பவில்லை. கால்நடை டாக்டரம்மாவை நம்பினாள். அவர் குச்சியின் ஈறைப் பிதுக்கிப் பார்த்து, சாணத்தைச் சோதித்து, "முதலில் பூச்சியை வெளியேற்ற வேண்டும். நீங்கள் போட்ட தயிர்சாதத்தில் பாதிக்கு மேல் பூச்சிதான் சாப்பிட்டிருக்கிறது" என்றார். வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டார். "இது சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை ஜாதியாக இருந்தால் இரண்டு மூன்று விலா தெரிவதற்குக் கவலைப்பட மாட்டேன். அவை ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் இப்படித் துருத்தினால்தான் கவலை" என்றார். ஒரேயடியாகக் கொட்டாமல் வேளைக்குக் கொஞ்சமாக, நாளைக்கு நாலு தடவை, நீர் வற்றும்படி குழைய வேகவைத்த பருப்பு, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் அல்லது கோழி ஈரல். வெங்காயம் கூடாது, அது நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும். நாகப்பட்டினத்துக் கருவாடும் உப்பு அதிகம் என்று தள்ளப்பட்டது.

முட்டை என்றதும் அத்தை என்னைப் பார்த்தாள். பருப்பும் சோறும் அவள் வீட்டில். முட்டையும் மீனும் பெரியவர் வீட்டில். அதை அவர் கொட்டிலுக்குப் பின்னால் வைத்துப் போட வேண்டும். அத்தை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். இப்படி ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இரண்டு நாடுகளுக்கு நடுவே இத்தனை ஒழுங்காக ஒப்பந்தம் நடந்து நான் படித்ததில்லை.

தீனியால் மட்டும் தசை வராது என்பதும் டாக்டரம்மா சொன்னதுதான். முதல் இரண்டு வாரம் சும்மா நடை. பிறகு பெரியவர் வயலுக்குப் போகும்போது குச்சியும் வரப்பில் ஓடியது. புரட்டாசிக் கடைசியில் வாய்க்காலில் எதிர்நீச்சல் போடக் கற்றுக்கொண்டது. அந்த நீச்சல்தான் பின்னங்காலுக்குச் சதை போட்டது என்று பெரியவர் சாதிக்கிறார்.

மாதம் ஒரு தடவை உரக்கடைத் தராசில் எடை. நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை நான் ஏறி நிற்பேன். ஆவணியில் பதினொரு கிலோ. தை மாதம் பதினைந்தரை. விலா எலும்பு இப்போது கண்ணுக்குத் தெரியாது. மெதுவாகத் தடவினால் விரலுக்குத் தெரியும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

"போதும், இதோடு நிறுத்துங்கள்" என்றார் டாக்டரம்மா. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வைத்துப் பார்த்த ஒரு சோதனையை அவரே சொன்னார். பாதி நாய்களுக்கு நாலில் ஒரு பங்கு தீனியைக் குறைத்துக் கொடுத்தார்களாம். ஒல்லியாக இருந்தவைதான் ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகம் வாழ்ந்தன என்று 2002-இல் முடிவு வெளியாயிற்று. அத்தை சரி சரி என்று தலையை ஆட்டினாள்.

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து மஜாந்தியின் கதையை அவளுக்கு மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"முப்பத்திரண்டு நாளும் சர்க்கரையையா போட்டான்?"

"ஆமாம்."

"அந்த நாய்க்குப் பேர் என்ன?"

"நான் படித்த இடத்தில் பேர் போடவில்லை, அத்தை."

அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. குச்சி காதை நிமிர்த்தியது. கையில் ஒரு பிடி பருப்புச் சாதத்தோடு வந்து அதன் முன்னால் வைத்துவிட்டு, "டாக்டரம்மாகிட்டச் சொல்லாதே" என்றாள்.