மாமல்லன்

பெரும் மல்லன், அதாவது மற்போரில் தேர்ந்தவன் என்று பொருள்படும் பட்டம். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு (ஆட்சி சுமார் 630–668) உரியது. உடல் வலிமையைக் குறிக்கும் ‘மல்’ தமிழில் பழையது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய மற்போரைப் புறநானூறு பாடுகிறது.

நரசிம்மவர்மன் கி.பி. 642இல் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைக் கைப்பற்றி ‘வாதாபிகொண்டான்’ ஆனான். அவனது 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அங்கேயே, இன்றைய பாதாமியின் பாறையில், சிதைந்த நிலையில் உள்ளது. தோற்ற பகைவனின் தலைநகரிலேயே வென்றவனின் மல்லன் பட்டம் பொறிக்கப்பட்டிருப்பது இதன் தனிச்சிறப்பு. மாமல்லபுரத்தின் பெயரும் இவனால் வந்ததே என்பர். திருமங்கையாழ்வார் அவ்வூரைக் கடல்மல்லை என்கிறார்.

பின்னாளில் இப்பட்டம் ஆளின் உடற்கட்டைப் பொருட்படுத்தவில்லை. கிளைவழியில் வந்து 12 வயதில் அரியணை ஏறிய இரண்டாம் நந்திவர்மனும் ‘பல்லவமல்லன்’ எனப்பட்டான். வலிமை என்பது அரசுரிமையின் அடையாளமாகிவிட்டதையே இது காட்டுகிறது. அவன் எழுப்பிய காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகையில் பல்லவர் வரலாறு வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகிறது. அவனைத் தேடிச் சென்று அழைத்துவந்து முடிசூட்டிய காட்சிகளின் அருகே விளக்கக் கல்வெட்டுகளும் உண்டு. மணற்கல் அரித்துப் பல முகங்கள் மழுங்கிவிட்டன.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ புதினம் நரசிம்மவர்மனை மாமல்லர் என்றே அழைத்து, இப்பட்டத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது.