இடுப்பு மூட்டு எலும்பு இறப்பு: அறுவையில்லாச் சிகிச்சை

தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சிலவே. அவை அடைபட்டால் எலும்பு உள்ளுக்குள் செத்து, காலப்போக்கில் தலை நசுங்கிவிடும். மருத்துவர்கள் இதை ஏவிஎன் என்பார்கள். மூட்டு விலகல், எலும்பு முறிவு, அதிக அளவு ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய குடி, அரிவாள் செல் ரத்தசோகை ஆகியவை முக்கியக் காரணங்கள்.

தலை நசுங்கும் முன் கண்டுபிடித்தால்தான் அறுவையில்லாச் சிகிச்சைக்கு உண்மையான வாய்ப்பு. ஏற்காட்டின் காபித் தோட்டச் சரிவில் ஏறி இறங்கி உழைப்பவருக்குத் தொடை இடுக்கில் வலி வந்தால், சுளுக்கு என்று தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும். வலி முழங்காலிலும் தெரியும். சம்மணமிட்டு உட்கார முடியாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே எதையும் காட்டாது, எம்ஆர்ஐ காட்டும். அதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குவது வீண் அலைச்சல் அல்ல.

மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை உண்டா என்ற கேள்வியும் கேட்கவேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். இந்நோயால் இடுப்பு பாதிக்கப்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களும் எலும்பில் துளையிடும் அறுவையோடு சேர்த்துப் பெற்றவர்களும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். முறையான உடற்பயிற்சியை அலட்சியப்படுத்தலாகாது.

மாத்திரைகளில் அதிகம் பேசப்படுவது அலென்ட்ரோனேட். மும்பை இந்துஜா மருத்துவமனையின் சஞ்சய் அகர்வாலா குழு பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து நல்ல பலன் கண்டது. தைவானில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில் மருந்து எடுத்த 29 மூட்டுகளில் 2 மட்டுமே நசுங்கின. எடுக்காத 25இல் 19. ஆனால் அதே நாட்டின் 2012 ஆய்வு பயன் எதையும் காணவில்லை. ஆகவே இதை உறுதியான தீர்வாக விற்பவரை நம்பக் கூடாது. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். பல் மருத்துவரிடமும் முன்பே காட்டிவிட வேண்டும்.

ஊன்றுகோலை வலியில்லாத பக்கக் கையில் பிடித்தால் மூட்டின் சுமை குறையும். அதிர்வலை, உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைகளுக்குச் சான்று இன்னும் போதவில்லை. தலை நசுங்கிய பிறகு எந்த மாத்திரையும் அதன் வடிவத்தை மீட்காது. வலி முற்றினால் மூட்டு மாற்றுதான் வழி. ஸ்டீராய்டு சாப்பிடுபவர் பயந்துபோய்த் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.