வரவழைத்தால் குற்றம், வரவழைத்தால்தான் விசா

1887-இல் நியூயார்க்கின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் தனக்கொரு போதகரை இங்கிலாந்திலிருந்து அமர்த்திக்கொண்டது. வால்போல் வாரன் என்ற அந்தப் பாதிரியார் கப்பலேறி வந்து பொறுப்பேற்றார். பின்னாலேயே தேவாலயத்தின் மேல் அமெரிக்க அரசின் வழக்கும் வந்தது. வெளிநாட்டவர் ஒருவரை முன்கூட்டியே வேலை பேசி வரவழைத்தது குற்றம். 1885-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி அதற்கு அபராதம் 1,000 டாலர்.

இன்று நிலைமை நேர் எதிர். அமெரிக்கா போக நினைக்கும் மென்பொருள் பொறியாளருக்காக எச்-1பி வேலை விசா மனுவைப் போடுவதே முதலாளிதான். நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டுக்கும் பெரும்பாலும் அவரே ஸ்பான்சர். ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த இந்தத் தலைகீழ் மாற்றம் ஒரே சட்டத்தால் வந்ததில்லை. முதலாளியிடம் கட்டுண்ட தொழிலாளி உள்ளூர்க் கூலியைக் குலைப்பான் என்று பயந்த அதே நாடு, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே அந்தக் கட்டை முடிந்தது; பிறகு அதைத் தளர்த்தவும் முயன்றது.

1885 சட்டத்தின் பின்னால் நின்றவை தொழிற்சங்கங்கள். இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து பென்சில்வேனியச் சுரங்கங்களில் கூலியைக் குறைக்கிறார்கள், வேலைநிறுத்தத்தை உடைக்கிறார்கள் என்பது அவற்றின் குற்றச்சாட்டு. நடிகர், பாடகர், சொற்பொழிவாளர், வீட்டு வேலையாள் ஆகியோருக்கு விலக்கு அளித்த சட்டம் போதகரை மறந்துவிட்டது. 1892-இல் உச்ச நீதிமன்றம் தேவாலயத்தை விடுவித்தது. சட்டத்தின் சொற்களுக்குள் போதகரும் அடங்குவார், ஆனால் அதன் நோக்கம் உடலுழைப்பாளரைத் தடுப்பதே என்று நீதிபதி டேவிட் புரூவர் எழுதினார். சட்டத்துக்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதற்காகவே இந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். குடியேற்ற வரலாற்றில் இதன் எடை வேறு: உடலுழைப்புக்கு ஒரு கதவு, மூளை உழைப்புக்கு ஒரு கதவு என்ற பிரிவினைக்கு நீதிமன்ற முத்திரை இங்கேதான் விழுந்தது.

இந்தியர்களுக்கு இரண்டு கதவுகளும் பிறகு ஏறக்குறைய மூடிக்கொண்டன. 1917 சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியையே விலக்கி வைத்தது. 1946-இல் இந்தியாவுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்.

1952-இல் எச்-1 என்ற தற்காலிகப் பிரிவு பிறந்தது. தனிச் சிறப்பும் திறமையும் உள்ளவர் வரலாம். ஆனால் ஆளும் தற்காலிகம், வேலையும் தற்காலிகமாக இருக்க வேண்டும். வேலை தற்காலிகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1970-இல் போனது. நடுவே 1965-இன் சட்டம் இன்னொரு திருகலைச் செய்திருந்தது. அதுவரை, உள்ளூரில் ஆள் இருக்கிறது என்று தொழிலாளர் துறை சொன்னால்தான் வெளிநாட்டவருக்குத் தடை. இனி, ஆள் இல்லை என்று அத்துறை சான்று தந்தால்தான் அனுமதி. அந்தச் சான்றை வாங்கும் வேலை முதலாளியின் தலையில் விழுந்தது. முதலாளி வாயிற்காவலரானது அப்போதுதான் என்று சொல்லலாம்.

1990-இல் மூத்த புஷ் கையெழுத்திட்ட சட்டம் இன்றைய கட்டிடத்தை எழுப்பியது: ஆண்டுக்கு 65,000 எச்-1பி, அதிகபட்சம் ஆறு ஆண்டு. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருப்பது விசாவை மறுக்கக் காரணமாகாது என்ற முக்கியமான சலுகையும் அதில் உண்டு. வேலை சார்ந்த கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு 1,40,000. அதில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கம். மிஞ்சியவர்கள் நாட்டுவாரியான வரிசையில் காத்திருக்க வேண்டும்.

அந்த 7 சதவீதம் பிறந்த நாட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது, குடியுரிமையை வைத்து அல்ல. சென்னையில் பிறந்து கனடா குடிமகனானவரும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்த பெண்ணைக் கட்டியிருந்தால், மனைவியின் பிறந்த நாட்டு வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். ஜாதகம் பார்க்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது.

வரிசையில் இடம் பிடிப்பதற்கே ஒரு சடங்கு உண்டு. தொழிலாளர் துறையின் சான்றை வாங்க 2005 மார்ச்சில் வந்த ‘பெர்ம்’ முறைப்படி, கம்பெனி அந்த வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழில் விளம்பரம் தர வேண்டும். மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு, அலுவலகச் சுவரில் 10 வேலை நாள் அறிவிப்பு, பட்டப்படிப்பு கேட்கும் வேலை என்றால் மேலும் மூன்று வழிகளில் தேடல். விளம்பரமான வேலையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார். சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கடந்துதான் காப்பி குடிக்கப் போவார். தகுதியான அமெரிக்கர் விண்ணப்பித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் விளம்பரம் வேறெங்கும் இருக்காது. இணையத்தில் ஆளெடுக்கும் ஃபேஸ்புக் இந்த வேலைகளுக்கு மட்டும் தபாலில் விண்ணப்பம் கேட்டது என அரசு தொடுத்த வழக்கு, 2021-இல் 1.425 கோடி டாலர் வரையிலான சமரசத்தில் முடிந்தது. அதே வகைப் புகாரில் ஆப்பிள் 2023-இல் ஒப்புக்கொண்ட தொகை 2.5 கோடி டாலர் வரை.

பெர்ம் மனுவைப் போட்ட தேதிதான் ‘பிரயாரிட்டி டேட்’. அந்தத் தேதி எட்டப்பட்டதா என்று மாதாமாதம் வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டின் சொல்லும். 2007 ஜூலைக்கான புல்லட்டின், ஏறக்குறைய எல்லா வேலைப் பிரிவுகளும் ‘கரண்ட்’, அதாவது காத்திருக்கத் தேவையில்லை என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் அவசரமாக மருத்துவப் பரிசோதனை முடித்து விண்ணப்பங்களைக் கூரியரில் அனுப்பினார்கள். ஜூலை 2 அன்று, விசா எண்கள் தீர்ந்துவிட்டன என்று அரசு கைவிரித்தது. இந்தியப் பணியாளர்கள் ‘முன்னா பாய்’ படம் பரப்பிய காந்திகிரி பாணியில் குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை அனுப்பினார்கள். அவர் அவற்றை ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17-இல் அரசு இறங்கிவந்து, விண்ணப்பங்களை ஆகஸ்ட் 17 வரை வாங்கிக்கொண்டது. அன்றைக்கு உள்ளே நுழைந்தவர்களுக்கும் தவறவிட்டவர்களுக்கும் வாழ்க்கை பல ஆண்டுகள் வித்தியாசப்பட்டது. வரிசை பிறகும் கரையவில்லை: 2025 ஜூலையில், முதுகலைப் பட்டதாரிகளுக்கான இரண்டாம் பிரிவில் இந்தியர்களின் தேதி 2013 ஜனவரி 1-இல் நின்றது.

முதலாளியின் பிடியைத் தளர்த்த நடந்த முயற்சிகளில் பெரியது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். புதிய கம்பெனி மனுப் போட்டதுமே அங்கே வேலைக்குச் சேரலாம், கிரீன் கார்டு வழியில் இருந்தால் ஆறு ஆண்டுக்குப் பிறகும் நீட்டிக்கலாம் என்றது அது. ஆனால் புதிய கம்பெனி பெரும்பாலும் பெர்மை முதலிலிருந்து தொடங்க வேண்டும்; பழைய பிரயாரிட்டி டேட் மட்டும் கூடவே வரும். 2015 மே முதல், எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் உள்ள மனைவிக்கும் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அதுவும் பொதுவாகக் கணவனின் கிரீன் கார்டுக்காக முதலாளி போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தால்தான், அதாவது அவரது முதலாளியின் தயவில். வேலை போனால் என்ன செய்வது என்பதற்கு 2017 விதி தந்த பதில் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 2022, 2023 ஆட்குறைப்புகளில் வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள குடும்பங்கள் அந்த 60 நாளை எண்ணிக்கொண்டிருந்தன.

2025 செப்டம்பர் 19-இல் அதிபர் டிரம்ப் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தார். வெளிநாட்டில் இருந்த ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லிக் கம்பெனிகள் மின்னஞ்சல் அனுப்பின. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. அக்டோபரில் வந்த வழிகாட்டுதலோ, அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவருக்கும் கட்டணம் இல்லை என்றது. ஆகவே சென்னையில் இருக்கும் பொறியாளரை நேரடியாக வரவழைக்க நினைக்கும் கம்பெனிக்குத்தான் செலவு. அங்கேயே கல்லூரிக் கட்டணம் கட்டி முதுகலை முடித்தவர் அதே வேலைக்கு அந்தக் கம்பெனிக்கு 1,00,000 டாலர் மலிவு.